ஞாயிற்றுக்கிழமைச் சப்பாத்தி

"இது என்னிக்குப் பண்ணினது?" எங்கள் வீட்டில் எந்தப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தாலும் என் மாமியார் கேட்கும் முதல் கேள்வி இது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் பிறந்து வளர்ந்தவர். குரோம்பேட்டைக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அந்தக் கேள்வியை விடவில்லை. 'இன்னிக்கு' என்றால் சாப்பிடுவார். 'நேத்து' என்றால் மூடி வைத்துவிடுவார். நான் ஆபீசுக்கு எடுத்துப்போகிற சப்பாத்தி ரோலைப் பார்த்து ஒரு வியாழக்கிழமை கேட்டார். "ஞாயித்துக்கிழமை" என்றேன். திறந்ததை மூடவும் இல்லை, திட்டவும் இல்லை. "அப்போ இது பழசா, இல்லையா?" என்றார். ஃப்ரீசரில் இருக்கும் பண்டத்துக்கு வயதாகிறதா என்பதுதான் கேள்வி. அலட்சியமாகப் பதில் சொல்லிவிட முடியாத கேள்வி.

நான் செய்வது பெரிய வித்தையொன்றும் இல்லை. கோதுமை மாவில் வெந்நீரும் எண்ணெயும் விட்டுத் தளரப் பிசைந்து, அகலமாக மெல்லியதாக இட்டு, முக்கால் வேக்காட்டில் கல்லிலிருந்து எடுத்துவிடுவேன். உள்ளே வைக்கும் கறியில் ஈரம் இருக்கக் கூடாது. பனீர் புர்ஜி, பட்டாணி மசாலா, ராஜ்மாவை மசித்துச் சுண்ட வைத்தது எல்லாம் சரிப்படும். வெள்ளரிக்காயும் தக்காளியும் பச்சையாக வைத்தால் அழுது வடிந்துவிடும். காய்க்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாக உறையும்போது உள்ளே இருக்கும் சின்னச் சின்ன அறைகளின் சுவரைக் கிழித்துவிடுகிறது. சப்பாத்தியும் கறியும் நன்றாக ஆறிய பிறகுதான் சுருட்ட வேண்டும். சூட்டோடு சுருட்டினால் ஆவியெல்லாம் உள்ளேயே பனியாகிவிடும். ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி, ஜிப் கவரில் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு ஃப்ரீசர். தேவைப்படுவதை முதல் நாள் ராத்திரி கீழ்த்தட்டுக்கு இறக்கி, காலையில் கல்லில் இரண்டு பக்கமும் புரட்டி எடுத்தால் ஆயிற்று. மறந்துபோன நாளில் ஆபீஸ் மைக்ரோவேவ் இருக்கிறது. நனைத்துப் பிழிந்த டிஷ்யூவைச் சுற்றி வைத்தால் வறண்டு போகாது.

மாமியாருக்கு ஆதாரம் கீதை. பதினேழாம் அத்தியாயத்தில் கண்ணன் முக்குணத்துக்கும் மூன்று விதச் சாப்பாட்டைப் பிரிக்கிறான். ஜாமம் கடந்தது, ராத்தங்கியது வகையறாவெல்லாம் தமோகுணத்தாரின் பிரியம் என்று பத்தாவது சுலோகத்தில் வருகிறது. ஒரு ஜாமம் மூன்று மணி நேரம். இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் ஊரில் ஒரு டிபன் பாக்ஸ்கூடத் தேறாது. காலை ஏழு மணிக்கு மூடிய சாம்பார் சாதம் மத்தியானம் ஒரு மணிக்குத் திறக்கும்போது இரண்டு ஜாமத்தைத் தாண்டியிருக்கும். தமிழ்நாட்டில் உத்தியோகம் பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் தமோகுணத்தாரா?

உரைகாரர்களும் ஒரே மாதிரி சொல்லவில்லை. சங்கரர் அந்த 'ஜாமம் கடந்தது' என்பதற்கு அரைவேக்காடு என்று பொருள் கொள்கிறார். சாரம் போனதை அடுத்த சொல்லே சொல்லிவிடுகிறதே என்பது அவர் நியாயம். அவர் வழியில் போனால் என்னுடைய குற்றம் ஃப்ரீசர் இல்லை, முக்கால் வேக்காடு. ராமானுஜர் அதை நெடுநேரம் இருந்துவிட்டது என்றே கொள்கிறார். ஆனால் ராத்தங்கியதற்கு வரும்போது அவர் கடிகாரத்தை விட்டுவிட்டு நாக்கிடம் போகிறார். காலம் போனதால் வேறொரு சுவைக்கு மாறிவிட்டது எதுவோ அதுதான் பழையது. எனக்கு இது பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் ராமானுஜர்தான் உடையவர், அவர் பெயரைச் சொன்னால் எடுபடும் என்றும் தெரியும். "மைனஸ் 18 டிகிரியில் சுவை மாறவில்லை, ஆகவே பழையது இல்லை" என்று வாதாடிப் பார்த்தேன்.

"உடையவர் ஆத்துல ஃப்ரிட்ஜ் இருந்ததா?" என்றார்.

இன்னொன்றும் இருக்கிறது. கீதையில் சாப்பாட்டைப் பிரிக்கும் அந்த மூன்று சுலோகங்களும் யார் எதை விரும்புகிறார்கள் என்பதைத்தான் சொல்கின்றன. வியாழக்கிழமை ரோலை நான் விரும்பிச் சாப்பிடுகிறேன் என்று யார் சொன்னது? ஆனால் இதை மாமியாரிடம் சொல்லவில்லை. விரும்பாததை ஏன் சாப்பிடுகிறாய் என்று கேட்பார். அதற்கு மின்சார ரயிலின் கால அட்டவணையிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

ஃப்ரீசருக்குள் காலம் நிற்கிறது என்று நான் சொல்வது முழு உண்மையும் அல்ல. கிருமிகள் பெரும்பாலும் அங்கே சாவதில்லை, செயலற்றுக் கிடக்கின்றன. சூடு கிடைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மே மாதத்தில் நாலு மணி நேரம் கரண்ட் போனால் என் தத்துவம் ஜிப் கவருக்குள் வியர்த்துவிடும். கவரில் காற்று இருந்தால் பனி நேராக ஆவியாகிப் போய், சப்பாத்தி ஓரம் வெளுத்து அட்டையாகிவிடும். ஆனாலும் ஒரு வேடிக்கை. சப்பாத்தியைச் சீக்கிரமாகக் கிழடாக்குவது ஃப்ரீசர் இல்லை, அதற்குக் கீழே இருக்கும் தட்டு. வெந்த மாவுச்சத்து ஆறியதும் மறுபடி இறுகி அடுக்கடுக்காகப் படிகமாகிறது. தண்ணீர் உறையும் நிலைக்குச் சற்று மேலே, சாதாரண ஃப்ரிட்ஜ் குளிரில்தான் அது மிக வேகமாக நடக்கிறது. ஆழமாக உறைந்துவிட்டால் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. திரும்பக் கல்லில் போட்டுச் சூடேற்றினால் அந்த இறுக்கம் குலைந்து சப்பாத்தி பழையபடி தளர்கிறது. இதே மாதிரி ஒரு சண்டை நம் பழைய தத்துவவாதிகளுக்குள் இருந்தது. பானையைச் சுடும்போது அது அணு அணுவாகப் பிரிந்து, அணுக்கள் நிறம் மாறி, திரும்பக் கூடிப் புதுப் பானையாகிறது என்று வைசேஷிகர்கள் சொன்னார்கள். பானை பானையாகவே இருந்து நிறம் மாறுகிறது என்று நையாயிகர்கள் மறுத்தார்கள். சப்பாத்தி விஷயத்தில் நான் வைசேஷிகர் கட்சி.

சுட வைப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்து மிக நுணுக்கமாக யோசித்தவர்கள் யூதர்கள். ஓய்வுநாளில் சமைக்கக் கூடாது. அப்படியானால் முன்பே வெந்ததைச் சூடாக்குவது சமையலா? நன்றாக வெந்த உலர்ந்த பண்டம் மறுபடி வேகாது, அதனால் அதைச் சூடாக்குவது சமையல் கணக்கில் வராது. ஆறிப்போன குழம்பும் சூப்பும் வேறு கணக்கு. பதினாறாம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த ஷுல்கான் ஆருக் என்ற சட்டநூல் இதையெல்லாம் வகை பிரிக்கிறது. முழுக்க வேகாததை அன்றைக்கு மேலும் வேக வைக்கவே கூடாது. இங்கேயும் என் முக்கால் வேக்காடு மாட்டிக்கொள்கிறது. சங்கரரும் காரோவும் சேர்ந்து ஒரே இடத்தில் என்னைப் பிடிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மனு ஸ்மிருதியோடு எனக்குப் பல இடங்களில் ஒத்துவராது, குறிப்பாகப் பெண்ணைப் பற்றிப் பேசும் இடங்களில். ஆனால் ஐந்தாம் அத்தியாயத்தில் பழையதுக்குச் சில விலக்குகள் இருக்கின்றன. நெய்யோ எண்ணெயோ சேர்ந்த பண்டம் ராத்தங்கினாலும் சாப்பிடலாம். கோதுமை, பார்லியில் செய்தது, பாலிலிருந்து ஆனது எல்லாம் நெடுநாள் இருந்தாலும் குற்றமில்லை. கோதுமைச் சப்பாத்தி, உள்ளே பனீர், எண்ணெய் வேறு. மனுவே எனக்கு டிபன் கட்டிக் கொடுத்தது போல இருந்தது. எங்கள் வீட்டு வழக்கமும் இதை ஒட்டித்தான் போகிறது. ஆசாரக் கணக்கில் சாதம் 'பத்து', சப்பாத்தி வெறும் பலகாரம். ஏகாதசியன்று சாதம் ஆகாது, சப்பாத்தி ஆகும். ஸ்ரீரங்கத்திலேயே, தன் முஸ்லிம் நாயகியான துலுக்க நாச்சியாருக்காகப் பெருமாள் தினமும் ரொட்டி அமுது செய்கிறார். இட்லி மாவு நாலு நாள் புளித்தாலும், ஆவக்காய் ஒரு வருஷம் ஊறினாலும் மாமியார் அவற்றின் வயதைக் கேட்பதே இல்லை.

இந்த விலக்குகளைப் படிக்கப் படிக்க எனக்கு எரிச்சலும் வந்தது. பழையதை விலக்குவதற்கு முதலில் வீட்டில் தினமும் அடுப்பு மூட்ட ஆள் வேண்டும். மாமியாரின் மாமியார் வீட்டில் விடியுமுன் விறகடுப்பு எரிந்தது, எரித்தது மாமியார். அதே காலத்தில் காவிரிக்கரை வயலில் இறங்கி நாற்று நட்டவர்கள் பழைய சோற்றையும் நீராகாரத்தையும் குடித்துவிட்டுத்தான் இறங்கினார்கள். அவர்கள் நட்டு அறுத்த நெல்தான் சித்திரை வீதியில் சுடச்சுடத் தளிகையாயிற்று. அவர்களுடைய தெய்வம் பழையதை விலக்கவும் இல்லை. ஆடி மாதம் மாரியம்மனுக்கு ஊற்றும் கூழ் முதல் நாளே காய்ச்சிப் புளிக்க வைத்தது. வடக்கே ஹோலி கழிந்து எட்டாம் நாள் சீதளா தேவிக்கு அடுப்பே மூட்டாமல் முதல் நாள் சமைத்ததை ஆறிய நிலையில் படைக்கிறார்கள். பூரியில் ஜகந்நாதர் பகாளம் என்கிற நீர்ச்சோறு சாப்பிடுகிறார். தெய்வங்களுக்குள்ளேயே இந்த விஷயத்தில் ஒத்த கருத்து இல்லை.

ஆக, பழசா புதுசா என்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தால் விஷயம் நகராது என்று எனக்குப் பட்டது. உணவைச் சேர்த்து வைக்கக் கூடாது என்று சொன்ன இரண்டு இடங்கள் வேறொன்றைப் பேசுகின்றன.

ஒன்று, யாத்திராகமம் பதினாறாம் அதிகாரம். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா விழுகிறது. ஆளுக்கு ஒரு ஓமர் அளவு, அன்றன்றைக்கு மட்டும். காலை வரை மீத்து வைத்தவர்களுடையது புழு வைத்து நாறிப்போகிறது. ஆறாம் நாள் மட்டும் இரட்டிப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம். மறுநாள் ஓய்வுநாள், அன்றைக்கு அது கெடுவதில்லை. அதே பண்டம், அதே ஒரு ராத்திரி. செவ்வாய்க்கிழமை புழுக்கிறது, வெள்ளிக்கிழமை புழுக்கவில்லை. இதற்கு வேதியியலில் விடை தேட முடியாது. நாளைக்குக் கிடைக்குமோ என்ற பயத்தில் எடுத்து வைத்தது கெட்டது. ஓய்வுக்காக எடுத்து வைத்தது நின்றது. நான் இதைத் தலைகீழாகச் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விற்று வாரநாள் காலைகளை வாங்குகிறேன்.

இன்னொன்று பௌத்த விநயத்தில் வரும் பேலட்டசீசர் கதை. ஆனந்தரின் உபாத்தியாயர் அவர். காட்டில் தனியாக இருந்தார். பிச்சைக்குப் போய்ச் சோறு வாங்கி வந்து, அதை வெயிலில் காய வைத்து எடுத்து வைத்துக்கொள்வார். பசிக்கும்போது தண்ணீரில் ஊறவைத்துச் சாப்பிடுவார். அதனால் ஊருக்குள் பல நாள் வரவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. மற்ற பிக்குகள் கேட்டார்கள், விஷயம் புத்தரிடம் போயிற்று. சேர்த்து வைத்த உணவைச் சாப்பிடுவது குற்றம் என்று விதி வந்தது. படித்தபோது எனக்கு அவர்மேல் பெரிய பரிவு உண்டாயிற்று. பேராசைக்காரர் இல்லை, நல்ல சாப்பாட்டைப் பதுக்கவில்லை. வெறும் சோறு, காய வைத்தது. தினமும் நடந்து போய் வருகிற நேரத்தை மிச்சம் பிடித்துத் தியானத்தில் உட்கார நினைத்த மனிதர். வாராந்திரச் சமையலின் ஆதிகுரு என்று அவரைத்தான் சொல்ல வேண்டும். அவர் மிச்சம் பிடித்ததில் தியானம் செய்தார். நான் மிச்சம் பிடிக்கும் அரை மணியில் தூங்குகிறேன்.

பேலட்டசீசரைத் தடுத்தது ஏன்? பிக்கு தினமும் நாலு வாசலில் போய் நிற்க வேண்டும். இவருக்குச் சோறு போட அவர்களுக்கும், அவர்கள் போட்டால்தான் சாப்பாடு என்று இவருக்கும் ஒரு கட்டு இருந்தது. காய்ந்த சோறு அந்தக் கட்டை அறுத்துவிட்டது. காட்டில் அவருக்கு யாரும் தேவையில்லை. அதில்தான் ஆபத்து என்று புத்தர் கண்டிருக்க வேண்டும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் இங்கே ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. நாளையைப் பற்றிக் கவலைப்படாத பிக்குவின் ஓட்டில் விழுந்த சுடுசோறு, நாளையைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரு பெண்ணின் குதிரிலிருந்து வந்தது. அவளும் சேர்த்து வைக்காமல் இருந்தால் சங்கம் பட்டினி. வள்ளுவர் துறந்தவர்களைத் தாங்கும் வேலையை இல்வாழ்வான் தலையில்தான் வைக்கிறார். சேர்க்காதே என்கிற அறம் சேர்க்கிறவர்களின் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. திரௌபதியின் அட்சய பாத்திரத்தைப் போல, சூரியன் கொடுத்ததை வைத்துத் தினமும் எல்லோருக்கும் புதிதாகப் பரிமாற முடிந்தால் பேஷ். எங்களிடம் இருப்பது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். கிரகஸ்தர்களுக்குச் சேர்த்து வைப்பது பாவமில்லை, வேலை.

அப்படியும் பேலட்டசீசர் என்னை விட்டபாடில்லை. காரணம் ஆபீஸ் மேஜை. முன்பெல்லாம் சாதமும் கூட்டும் கொண்டு போவேன். எங்கள் பிரிவில் பெண்கள் சேர்ந்து உட்காருவோம். பாக்ஸைத் திறந்தவுடன் கரண்டி குறுக்கே நீளும். ஒருத்தி வத்தக்குழம்பை இன்னொருத்தி மோர்சாதத்தில் விட்டுக்கொள்வாள். ரோல் வந்த பிறகு அது நின்றுபோனது. ரோல் என்பது ஒரே ஆளுக்காகச் சுருட்டியது. அதில் கரண்டி போட முடியாது; கடித்ததைக் கொடுக்கவும் முடியாது. ஒரு கையில் ரோல், இன்னொரு கையில் மௌஸ் என்று என் மேஜையிலேயே சாப்பிட்டுவிடலாம். சாப்பிட்டேன். காட்டுக்குப் போக வேண்டியதில்லை, க்ளெய்ம் ஃபைல்களுக்கு நடுவே இருந்துகொண்டே ஊருக்குள் வராமல் இருக்கலாம்.

இதையெல்லாம் மாமியாரிடம் ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். மன்னாவைச் சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டார். பேலட்டசீசரைப் பற்றி, "பாவம், வயசானவரோ என்னமோ, நடக்க முடிஞ்சிருக்காது" என்றார். ஓடு ஏந்தி நின்றவரைப் பற்றித்தான் அவர் யோசிக்கிறார் என்று நினைத்தேன். இல்லை, வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை திருவாராதனம் முடிந்து வந்து தீர்ப்புச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை பண்ணினவுடனே, ஃப்ரீசர்ல வைக்கறதுக்கு முன்னாடி, எல்லாத்தையும் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிடு. அப்புறம் அது பிரசாதம். பிரசாதத்துக்கு ஏது பழசு?"

நான் அசந்துபோனேன். அவர் மனுவைப் படித்தவரில்லை. ஆனால் அந்த ஐந்தாம் அத்தியாயத்தில் ஹோமத்தில் மிஞ்சிய ஹவிஸும் ராத்தங்கலாம் என்று விலக்கு இருக்கிறது. பூரியில் மகாபிரசாதச் சோற்றைக் காய வைத்து, நிர்மால்யம் என்று வீடுகளில் வருஷக்கணக்கில் வைத்திருக்கிறார்கள்; சாகும் தறுவாயில் வாயில் போடுகிறார்கள். பேலட்டசீசர் செய்த அதே காய்ந்த சோறு. அங்கே யாரும் என்னிக்குப் பண்ணினது என்று கேட்பதில்லை. யார் தொட்டது என்றும் கேட்பதில்லை. ஜகந்நாதர் சாப்பிட்ட சோற்றுக்கு ஜாதி கிடையாது.

தீர்ப்போடு நிபந்தனைகளும் வந்தன. பெருமாளுக்கு என்றால் வெங்காயம், பூண்டு கூடாது. பட்டாணியும் முட்டைக்கோஸும் இங்கிலீஷ் காய், அதுவும் கூடாது. ராஜ்மாவைப் பார்த்து முகம் சுளித்தார். வாழைக்காய்ப் பொடிமாஸ், இஞ்சி தட்டிப் போட்ட பாசிப்பருப்பு, தேங்காய் தூக்கலாக ஒரு சேனைக்கறி என்று உள்ளடக்கம் மாறிற்று. வாழைக்காய் உறைந்து உருகினால் கொஞ்சம் மணல் மணலாக ஆகும். பொடிமாஸ் எப்படியும் உதிரிதானே, தெரியாது. முக்கால் வேக்காடும் போயிற்று. அரைகுறையாக வெந்ததை எப்படிப் பெருமாளுக்குக் காட்டுவது? இப்போது முழுக்க வேகவைத்து நெய் தடவுகிறேன். சங்கரரும் காரோவும் திருப்தியடைவார்கள்.

பிரசாதம் என்றால் தனியாகச் சாப்பிட முடியாது. யாராவது பார்த்துவிட்டால் கொடுத்தாக வேண்டும். அதனால் ரோலைச் சின்னதாகச் சுருட்டி, கூடுதலாக எடுத்துப் போய், சூடு பண்ணியபின் கத்தியால் துண்டு போட்டு நடு மேஜையில் வைக்கிறேன். மறுபடி கரண்டிகள் நீள ஆரம்பித்துவிட்டன. வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன்கூட வியாழக்கிழமைகளில், "இன்னிக்குப் பிரசாதம் உண்டாம்மா?" என்று கேட்கிறார்.

சிக்கல் வந்தது பக்கத்து மேஜைத் தோழியால். பழைய ரோலை ஆசையாகக் கேட்டு வாங்கித் தின்றவள் அவள் ஒருத்திதான். பெந்தெகொஸ்தே சபை. "அக்கா, படைச்சதுன்னா எனக்கு வேணாம், தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாள். தப்பாக நினைக்க எதுவும் இல்லை. விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தின்னலாமா என்று கொரிந்து பட்டணத்தில் கிளம்பிய தகராறுக்குப் பவுல் பக்கம் பக்கமாகப் பதில் எழுதியிருக்கிறார். விக்கிரகம் ஒன்றுமில்லை என்று அறிந்தவன் தின்னலாம், ஆனால் பக்கத்தில் இருப்பவனுக்கு அது இடறலாகும் என்றால் தின்னாமல் இருப்பதே மேல் என்பது அவர் போக்கு. என் சப்பாத்தியைப் பழசாகாமல் காப்பாற்றிய அதே காரியம், அவளுக்கு அதைத் தொட முடியாததாக்கிவிட்டது.

எனவே இப்போது ஃப்ரீசரில் இரண்டு கவர். ஒரே மாவு, ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே குளிர். வலப்பக்கம் பெருமாளுக்குக் காட்டியது. இடப்பக்கம் வெங்காயமும் பூண்டும் பட்டாணியும் போட்டு, தளிகை அறைக்குள் எடுத்துப்போகாமல் பால்கனி ஸ்டவ்வில் செய்து, மார்க்கரில் பெருக்கல் குறி போட்டது. மாமியாரிடம் மறைக்கவில்லை. போன வாரம் ஐஸ் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தவர் இரண்டு கவரையும் பார்த்தார். வலப்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு இடப்பக்கத்தைக் காட்டினார்.

"அந்தப் பொண்ணோடதை நாளைக்கே குடுத்துடு. பழசாயிடும்."